8 கார்புரேட்டர், 14 கியர், சைக்கிள் பிரேக்: பழைய ரேஸ் பைக்குகளின் விநோதப் பாகங்கள்

1960களின் நடுவில் ஹோண்டா ரேஸில் இறக்கிய 50 சிசி பைக்கின் படத்தைப் பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பது முன் சக்கரத்தைத்தான். அங்கே டிரம் பிரேக் இல்லை, டிஸ்க்கும் இல்லை. சைக்கிளில் இருப்பதுபோல ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற பிரேக் கட்டைகள் மட்டும். நிமிடத்துக்கு 20,000 சுற்றைத் தாண்டும் இரட்டைச் சிலிண்டர் இன்ஜின், சிலிண்டருக்கு நான்கு வால்வு, மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் வேகம். அதை நிறுத்தச் சைக்கிள் பிரேக்! 1965-இல் ரால்ஃப் பிரையன்ஸ் இந்த வகை வண்டியில்தான் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார்.

சிரிப்பு வரலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பிசகு எதுவும் இல்லை. வண்டியின் மொத்த எடையே ஏறக்குறைய 50 கிலோ. டிரம் பிரேக் வைத்தால் கனமான ஹப், ஷூ, லிவர் எல்லாம் முன் சக்கரத்தின் நடுவில் ஏறிவிடும். எடையும் கூடும், காற்றை எதிர்க்கும் பரப்பும் கூடும். ரிம்மிலேயே பிடித்தால் அச்சிலிருந்து தூரம் அதிகம், ஆகவே சிறு அழுத்தமே போதும். தவிர, சுமார் 14 குதிரைத்திறன் மட்டும் உள்ள வண்டியில் வளைவுக்கு முன் இழந்த வேகத்தை மீட்பது பெரும்பாடு. 50 சிசி ஓட்டுகிறவர் முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல்தான் வளைவைச் சமாளிக்கப் பார்ப்பார். அவருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவைத்தான் ஹோண்டா வைத்தது.

பழைய ரேஸ் பைக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்த மாதிரிப் பாகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. யார் எந்த ஆண்டில் இரண்டாவதாக வந்தார் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பார்கள்? ஆனால் எட்டுக் கார்புரேட்டர் வைத்த பைக்கை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை. இவற்றை அந்தக் காலத்துப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்குவது எளிது. உண்மையில் இவற்றில் பெரும்பாலானவை இரண்டு நெருக்கடிகளில் பிறந்தவை. ஒன்று, அன்றைய உலோகத்தால் தாங்க முடிந்த அளவு. மற்றொன்று, அன்றைய விதிப்புத்தகம். நெருக்கடி தீர்ந்ததும் பாகமும் மறைந்துவிட்டது. அதனால்தான் இன்றைய கண்ணுக்கு அது விநோதமாகத் தெரிகிறது.

கியர் மேல் கியர்

குட்டி வகுப்பின் இன்னொரு விநோதம் கியர் எண்ணிக்கை. ஜெர்மனியின் க்ரைட்லர் நிறுவனம் 1962-இல் கொண்டுவந்த 50 சிசி பைக்கில் 12 கியர். காலால் மாற்ற நான்கு. அந்த ஒவ்வொன்றுக்குள்ளும் ஹேண்டில்பார் பிடியைத் திருகி மாற்ற மூன்று. சுசூகி 1967-இல் ஓட்டிய இரட்டைச் சிலிண்டர் 50 சிசி வண்டியில் ஒரே பெட்டிக்குள் 14 கியர்.

ஏன் இவ்வளவு? டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிசிக்குக் கிடைக்கும் சக்தியைக் கூட்டக் கூட்ட, அந்தச் சக்தி கிடைக்கும் சுற்று வரம்பு சுருங்கிக்கொண்டே போகும். அந்தச் சுசூகியின் உச்சத் திறன் சுமார் 17,300 சுற்றில் வரும். அதிலிருந்து சில நூறு சுற்று இறங்கினாலே இன்ஜின் துவண்டுவிடும். மேடு, வளைவு, எதிர்க்காற்று எது வந்தாலும் சுற்றுமானி ஊசியை அந்தக் குறுகிய இடத்திலேயே நிறுத்த வேண்டும். அதற்குக் கியர்களுக்கு இடையேயான படிகள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். படி சிறுத்தால் எண்ணிக்கை கூடத்தானே செய்யும்?

ஹோண்டா ஃபோர் ஸ்ட்ரோக்கை விடாமல் பிடித்துக்கொண்டதால் வேறு வழியில் போனது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு, டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும். டூ ஸ்ட்ரோக்கோடு போட்டி போட வேண்டுமென்றால் சுற்று வேகத்தை ஏற்றுவதைத் தவிர வழியில்லை. சுற்று ஏற வேண்டுமென்றால் பிஸ்டன் சிறுத்து, அதன் ஓட்டமும் குறைய வேண்டும். ஆகவே சிலிண்டர்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டே போனார்கள். 250 சிசிக்கு 6 சிலிண்டர். 125 சிசிக்கு 5 சிலிண்டர், அதாவது ஒவ்வொன்றும் வெறும் 25 சிசி. இந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று குழம்ப வேண்டாம். நாம் மேலே பார்த்த 50 சிசி வண்டியின் ஒரு சிலிண்டரும் 25 சிசிதான். கைக்கு வந்த அளவை ஐந்தால் பெருக்கிவிட்டார்கள். 1966-இல் லூய்ஜி டாவெரி இந்த ஐந்து சிலிண்டர் வண்டியில் 125 சிசி பட்டத்தை எடுத்தார். அதே ஆண்டு மைக் ஹெயில்வுட் ஆறு சிலிண்டர் வண்டியில் 250 பட்டத்தை எடுத்தார்.

அப்புறம் விதி மாறியது. 1969 முதல் 50 சிசிக்கு ஒரே சிலிண்டர், அதிகபட்சம் 6 கியர். அடுத்த ஆண்டு 125, 250 வகுப்புகளுக்கும் இரண்டு சிலிண்டருக்கு மேல் கூடாது என்றானது. சுசூகி அதற்குள் மூன்று சிலிண்டர் 50 சிசி இன்ஜின் ஒன்றைத் தயார் செய்திருந்தது. அது ரேஸ் தடத்தையே காணவில்லை.

வெளியே தெரியும் வால்வு ஸ்பிரிங்

பிரிட்டனின் நார்ட்டன் நிறுவனம் செய்த மேங்க்ஸ் ரேஸ் பைக்கின் சிலிண்டர் தலையைப் பார்த்தவர்கள், "இதன் மூடியைப் போட மறந்துவிட்டார்களா?" என்று கேட்பதுண்டு. வால்வு ஸ்பிரிங்குகள் வெட்டவெளியில் நிற்கும். அவை சுருள் ஸ்பிரிங்குகளும் அல்ல. கொண்டை ஊசி வடிவில், ஒரு கண்ணும் இரண்டு நீண்ட கால்களுமாக வளைத்த கம்பிகள். ஓட்டுபவரின் காலிலும் வண்டியின் பக்கத்திலும் எண்ணெய் தெறிக்கும் என்று தெரிந்தும் அப்படித்தான் செய்தார்கள். மேங்க்ஸின் உற்பத்தி 1960களின் தொடக்கத்தில் நிற்கும்வரை இந்தத் திறந்த ஸ்பிரிங் போகவே இல்லை.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வைத் திறப்பது கேம், அதாவது சுழலும் தண்டில் துருத்திய மேடு. மூடுவது ஸ்பிரிங். சுற்று ஏறும்போது ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கால் கேமைத் தொடர்ந்து ஓட முடியாமல் போகும். வால்வு மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் மிதக்கும். அந்த நேரத்தில் மேலே வரும் பிஸ்டன் அதன்மீது இடித்தால் இன்ஜின் அங்கேயே முடிந்தது. அன்றைய எஃகில் நுண்ணிய அழுக்குகள் கலந்திருந்தன. சுருள் ஸ்பிரிங் வேகமாக அடித்துக்கொள்ளும்போது கம்பி முழுவதும் அதிர்வலை ஓடி, பலவீனமான இடத்தில் முறியும். சிலிண்டர் தலையின் சூடும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கொண்டை ஊசி வடிவத்தில் நகரும் எடை குறைவு. சுருண்ட பகுதி வால்வுத் தண்டிலிருந்து தள்ளி நிற்பதால் சூடும் அதிகம் ஏறாது. வெளியே இருந்ததால் காற்றும் பட்டது. முறிந்தால் தலையைக் கழற்றாமலே மாற்றலாம் என்பது மெக்கானிக்குகளுக்குக் கிடைத்த உபரி லாபம்.

பின்னாளில் எஃகு தூய்மையானது. நல்ல சுருள் ஸ்பிரிங்குகள் வந்தன. ஹோண்டா போன்றவர்கள் ஒரு பெரிய வால்வுக்குப் பதில் இரண்டு குட்டி வால்வுகளை வைத்து, ஸ்பிரிங் சுமக்க வேண்டிய எடையையே குறைத்தார்கள். கொண்டை ஊசி ஸ்பிரிங்குக்கு அதன்பின் வேலை இல்லை.

இதே சிக்கலுக்கு இத்தாலியில் ஒருவர் வேறு முடிவுக்கு வந்தார். டுகாட்டியின் பொறியாளர் ஃபாபியோ தாலியோனி ஸ்பிரிங்கை நம்புவதையே விட்டுவிட்டார். வால்வைத் திறக்க ஒரு கேம், மூடவும் ஒரு கேம். டெஸ்மோட்ரோமிக் என்று பெயர். யோசனை அவருடையது அல்ல. பழைய கார் ரேஸ்களில் முயன்றிருந்தார்கள், மெர்சிடீஸும் 1954, 1955 ஆண்டுகளின் கிராண்ட் பிரீ காரில் அதை வெற்றிகரமாக ஓட்டியிருந்தது. தாலியோனி அதை 125 சிசி ஒற்றைச் சிலிண்டருக்குள் அடக்கினார். தலையின்மேல் மூன்று கேம் தண்டுகள். ஓரங்களில் இருந்த இரண்டும் திறக்கும், நடுவில் இருந்தது இரண்டு வால்வுகளையும் மூடும். 1956-இல் ஸ்வீடனின் ஹெடமோராவில் முதல் ரேஸ். ஜான்னி டெலி அன்டோனி மற்ற எல்லோரையும் ஒரு முழுச் சுற்று முந்தி வென்றார். சில வாரங்களிலேயே இத்தாலியின் மோன்சா தடத்தில் சோதனை ஓட்டத்தில் அவர் இறந்துபோனார். அந்த இழப்பு திட்டத்தைப் பின்னுக்குத் தள்ளியது. 1958-இல் அதே மோன்சாவில் 125 சிசி ரேஸின் முதல் ஐந்து இடங்களும் டுகாட்டிக்கு.

டெஸ்மோவின் லாபத்தை வெறும் குதிரைத்திறனாகப் பார்ப்பது பாதிக் கணக்கு. அவசரத்தில் கியர் தப்பி விழுந்து இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்றாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது என்பதே அன்றைய ஓட்டுநருக்குப் பெரிய நிம்மதி. விலை என்னவென்றால், ஒவ்வொரு வால்வுக்கும் திறக்கும் இடைவெளி, மூடும் இடைவெளி என இரண்டையும் அளந்து சரிசெய்ய வேண்டும். பொறுமையில்லாத கைகளுக்கு ஒத்துவராத வேலை. இந்தப் பட்டியலில் ரேஸ் தடத்திலிருந்து தெருவுக்கு வந்து இன்றுவரை உயிரோடு இருக்கிற விநோதங்களில் இதுவும் ஒன்று. 1968 முதல் பொதுமக்களுக்கு விற்ற டுகாட்டிகளில் வரத் தொடங்கியது, இன்றும் அந்த நிறுவனத்தின் பல மாடல்களில் இருக்கிறது. ஸ்பிரிங் எஃகு எப்போதோ தேறிவிட்டது. ஆக, நான் மேலே சொன்ன விதிக்கு இது விலக்கு. டெஸ்மோ இன்னும் நிலைப்பதற்குத் தேவையைவிடப் பாரம்பரியமே பெரிய காரணம் என்பது என் கருத்து. டுகாட்டி ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.

தடித்த வயிற்றுக் குழாய்

டூ ஸ்ட்ரோக் ரேஸ் பைக்கில் சைலன்சர் இருக்க வேண்டிய இடத்தில் மெலிதாகத் தொடங்கி, வயிறு பருத்து, மறுபடி ஒடுங்கி, விரலளவு துளையில் முடியும் குழாய் ஒன்று இருக்கும். இன்று அது பழகிப்போன உருவம். 1950களில் அப்படியல்ல. முதலில் ஜெர்மனியின் டிகேடபிள்யூ நிறுவனம் அதைத் தொட்டது. அதை ஒரு விஞ்ஞானமாக வளர்த்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் இருந்த வால்டர் காடன்.

எக்ஸாஸ்ட் துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் ஓடும். குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து, சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை இழுத்து, புதிய கலவையையும் மேலே வரவழைக்கும். அந்த வேகத்தில் கொஞ்சம் நல்ல கலவையும் குழாய்க்குள் தப்பிவிடும். குழாய் ஒடுங்கும் இடத்திலிருந்து திரும்பும் இரண்டாவது அலை அழுத்தமானது. துளை மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால், தப்பிப்போன கலவையைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாமல், வெறும் தகரத்தின் வடிவத்தால் கிடைத்த காற்று பம்ப் அது. ஆனால் அலை நேரத்துக்கு வந்து சேர்வது ஒரு குறிப்பிட்ட சுற்று வேகத்தில் மட்டும்தான். மேலே பார்த்த 14 கியரின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இதோடு காடன் இன்னொன்றையும் சேர்த்தார். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டின் முனையில் சுழலும் மெல்லிய எஃகுத் தட்டு. அதில் வெட்டிய இடைவெளி கார்புரேட்டர் வாயின் முன் வரும்போது மட்டும் கலவை உள்ளே போகும். டேனியல் ட்ஸிம்மர்மான் என்பவர் தன் சொந்த ரேஸ் பைக்கில் செய்து காட்டியிருந்த ஏற்பாடு அது. இதனால் கார்புரேட்டர் சிலிண்டருக்குப் பின்னால் இல்லாமல் கிராங்க் பெட்டியின் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நின்றது. 1961 வாக்கில் எம்இசட்டின் 125 சிசி இன்ஜின் 25 குதிரைத்திறனைத் தொட்டது. ஒரு லிட்டருக்கு 200 என்று கணக்கு. காற்றை அமுக்கி ஊட்டும் சூப்பர்சார்ஜர் இல்லாமல் அதுவரை யாரும் எட்டாத அளவு.

அதே 1961 செப்டம்பரில், எம்இசட்டின் முதன்மை ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் ரேஸ் முடிந்த கையோடு மேற்கே தப்பிப் போனார். பெர்லின் சுவர் எழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு அவர் சுசூகிக்காக 50 சிசி உலகப் பட்டம் வென்றார். காடனின் குழாயும் தட்டும் ஜப்பான் போய்ச் சேர்ந்தன. அங்கிருந்து உலகத் தெருக்களுக்கெல்லாம் பரவின. கண்டுபிடித்த தொழிற்சாலை மட்டும் பணமும் பொருளும் இல்லாமல் பின்தங்கியது. ரேஸ் வரலாற்றில் இதைவிடக் கசப்பான கதை எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

சுசூகி அந்த அறிவை வைத்து 1963-இல் நான்கு சிலிண்டர்களைச் சதுரமாக அடுக்கி ஒரு 250 சிசி வண்டி செய்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பிஸ்டன் இறுகி இன்ஜின் சிறைப்பட்டுவிடும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு ஆள் பறப்பார். ஓட்டுநர்கள் அதற்கு 'கிசுகிசுக்கும் மரணம்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தத் தலைமுறை டூ ஸ்ட்ரோக் ஓட்டுநர்களின் பழைய படங்களைப் பாருங்கள். நேர்ச்சாலையில் போகும்போதுகூட இடது கை விரல்கள் கிளட்ச் லிவர்மீது இருக்கும். கண நேரத்தில் பிடித்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்ற பயிற்சி அது.

தடை வந்த பிறகும் தங்கிப்போன முட்கள்

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு பெரிய வகுப்புகளில் சூப்பர்சார்ஜர் கோலோச்சியது. 1939-இல் ஐல் ஆஃப் மேன் தீவின் சாலைகளில் நடக்கும் டிடி பந்தயத்தில், 500 சிசிக்கான சீனியர் ரேஸை கியோர்க் மையர் வென்ற பிஎம்டபிள்யூவில் இன்ஜினின் முன் மூக்கில், கிராங்க் தண்டிலேயே காற்று அமுக்கி பொருத்தப்பட்டிருந்தது. அங்கிருந்து நீண்ட குழாய்கள் பின்னோக்கி ஓடி இருபக்கச் சிலிண்டர்களையும் அடையும். டிகேடபிள்யூவின் 250 சிசி இன்னும் விசித்திரம். சக்தி தராத ஒரு கூடுதல் பிஸ்டன், கலவையை அமுக்கித் தள்ளுவதற்காகவே கிராங்க் பெட்டியில் இயங்கியது. 1938-இல் ஈவால்ட் க்ளூகே அதில் டிடி வென்றார். பெட்ரோலைக் குடிப்பதிலும் காதைக் கிழிப்பதிலும் அதற்கு நிகர் இல்லை. அந்தச் சத்தம் கடல் தாண்டிக் கேட்டது என்று கதைகூட உண்டு.

போர் முடிந்து 1946-இல் சூப்பர்சார்ஜர் தடை செய்யப்பட்டது. மாட்டிக்கொண்டது பிரிட்டனின் ஏஜேஎஸ் நிறுவனம். அவர்கள் சூப்பர்சார்ஜரை மனதில் வைத்தே 500 சிசி இரட்டைச் சிலிண்டர் ஒன்றை வரைந்திருந்தார்கள். சிலிண்டர்கள் ஏறக்குறையப் படுத்த நிலையில் இருந்தன. அமுக்கிக்கு மேலே இடம் விட வேண்டும், சூடேறும் தலைக்கு நேரே காற்று பட வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தலையில் வழக்கமான தகடுகளுக்குப் பதில் முள் முள்ளாக நீட்டிய குளிர்விப்பு முனைகள். முள்ளம்பன்றி என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. தடை வந்ததும் அமுக்கி போனது. அதற்காகவே வரைந்த மற்ற எல்லாம் அப்படியே தங்கிவிட்டன. அமுக்கிக் காற்று ஊட்டுவதற்கென்று செய்த தலை, தானாக மூச்சு வாங்கும் இன்ஜினுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அப்படியிருந்தும் லெஸ் கிரஹாம் 1949-இல் முதல் 500 சிசி உலகப் பட்டத்தை அதில்தான் வென்றார். அதே ஆண்டு சீனியர் டிடியில் கடைசிச் சுற்றில் முன்னணியில் இருந்தபோது, பற்றவைக்க மின்சாரம் தரும் மேக்னட்டோ கைவிட்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டே கோட்டைக் கடந்தார்.

ஏஜேஎஸ் 1954-இல் இன்னொரு வேடிக்கை செய்தது. எடையைத் தாழ்வாக வைக்கவும் முன்பரப்பைக் குறைக்கவும் பெட்ரோல் டேங்க்கை இருபுறமும் இன்ஜின் பக்கத்துக்கு இறக்கியது. பெட்ரோல் மட்டம் கார்புரேட்டருக்குக் கீழே போய்விட்டதால் பம்ப் தேவைப்பட்டது. இன்ஜின் ஓடினால்தான் பம்ப் ஓடும். பெட்ரோல் வந்தால்தான் இன்ஜின் ஓடும். தீர்வு என்ன தெரியுமா? ரேஸ் தொடங்குமுன் வண்டியைப் பின் சக்கரத்தின்மீது செங்குத்தாகத் தூக்கி நிறுத்தி, பெட்ரோலைக் கார்புரேட்டருக்கு ஓட விடுவது. உலகத் தரமான பொறியாளர்கள் கூடிச் செய்த வண்டிக்கு இப்படி ஒரு சடங்கு.

மான்டெல்லோவின் இரண்டு வழிகள்

இத்தாலியின் மோட்டோ குட்ஸி நிறுவனம் 1950களிலேயே மான்டெல்லோ டெல் லாரியோவில் முழு அளவு பைக்கையும் ஆளையும் உள்ளே வைத்துச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் கட்டிவிட்டது. அதிலிருந்து வந்தவை முன் சக்கரத்தையே விழுங்கிவிடும் முழு மூடிகள். குப்பைத்தொட்டி என்று ஆங்கிலேயர்கள் கேலி செய்தார்கள். ஆனால் அதே குதிரைத்திறனுக்கு வேகம் எக்கச்சக்கமாகக் கூடியதால் கேலி செய்தவர்களும் அதையே மாட்டிக்கொண்டார்கள். பக்கக் காற்று அடித்தால் வண்டி பாய்மரம் போல இழுக்கப்படும். 1957 சீசன் முடிந்ததும் தடை வந்தது, அதன்பின் முன் சக்கரம் வெளியே தெரிந்தாக வேண்டும்.

அந்த மூடிக்குள் இருந்த மிகப் பெரிய விநோதம் குட்ஸியின் 500 சிசி வி8. ஜூலியோ கார்கானோ தலைமையில் வரையப்பட்டு 1955-இல் தலைகாட்டியது. தண்ணீரால் குளிர்விக்கும் எட்டுச் சிலிண்டர்கள், நான்கு கேம் தண்டுகள், எட்டுப் பற்றவைப்பு முனைகள். இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கும் நடுவில் 20 மில்லிமீட்டர் டெல்லோர்ட்டோ கார்புரேட்டர்கள் எட்டு. சட்டத்தின் மேல் குழாயே எண்ணெய்த் தொட்டி. 12,000 சுற்றில் 78 குதிரைத்திறன் அளவுக்கு வந்தது. மணிக்கு 275 கிலோமீட்டர் என்ற வேகத்தை அந்த வகுப்பு மறுபடி எட்ட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின என்பார்கள்.

எட்டு கார்புரேட்டரையும் ஒரே மூச்சில் ஒத்திசைய வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதை இரண்டு கார்புரேட்டர் பைக்கைச் சரிசெய்தவர்களே ஊகித்துக்கொள்ளலாம். எட்டு பற்றவைப்பு முனைகளும் அப்படித்தான். கிராங்க் தண்டும் தொல்லை கொடுத்து, வடிவத்தையே மாற்ற வேண்டி வந்தது. 1957-இல் டிக்கி டேல் இமோலாவில் கோப்பை வென்றார். அதே ஆண்டு சீனியர் டிடியில் ஒரு சிலிண்டர் செத்துப்போய் ஏழு சிலிண்டரோடு நான்காவதாக வந்தார். ஏழோடும் நான்காம் இடம் என்றால் எட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற ஏக்கம்தான் அந்த வண்டியின் புகழுக்குப் பாதிக் காரணம். உலகப் பட்டத்துக்கான கிராண்ட் பிரீ ஒன்றைக்கூட அது வென்றதில்லை.

இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. அதே கார்கானோ, அதே கூடத்தில், படுத்த நிலையில் ஒற்றைச் சிலிண்டர் வைத்த 350 சிசி பைக்கையும் வளர்த்துக்கொண்டிருந்தார். குதிரைத்திறனில் போட்டியாளர்களைவிட அது மேல் இல்லை. ஆகவே கிராம் கிராமாக எடையைச் சுரண்டினார். 1957-இல் அது 98 கிலோவுக்கு வந்தது. 1953 முதல் 1957 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் 350 சிசி உலகப் பட்டம் குட்ஸிக்கே, கடைசிப் பட்டம் கீத் கேம்பெல் வென்றது. வென்ற வண்டியைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் குறைவு. வெல்லாத வி8-ஐப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. 1957 முடிவில் குட்ஸி ரேஸை விட்டே விலகியது, மற்ற இத்தாலிய நிறுவனங்களான ஜிலேராவும் மொண்டியாலும் கூடவே போயின.

சில்லறைகள்

பெரிய கதை இல்லாத குட்டிப் பாகங்களும் உண்டு. பெட்ரோல் டேங்க்கின் மேல் ஒட்டிய சின்ன மெத்தை, நேர்ச்சாலையில் குனியும்போது தாடை வைக்க. கார்புரேட்டரிலிருந்து பிரித்து ரப்பரில் தொங்கவிட்ட மிதவைக் கிண்ணம், இன்ஜின் அதிர்வில் பெட்ரோல் நுரைக்காமல் இருக்க. ஏஜேஎஸ் 7ஆர் பைக்கின் தங்க நிற இன்ஜின் பெட்டி, அழகுக்கு அல்ல. மக்னீசியக் கலவை ஈரத்தில் அரித்துப்போகும், அதைத் தடுக்கும் பூச்சு அது. பிரிட்டிஷ் வண்டிகளின் சுற்றுமானியில் ஊசி வழுக்கி நகராமல் தத்தித் தத்தி ஏறும். உள்ளே கடிகாரப் பொறி ஒன்று சிறு இடைவெளிகளில் எண்ணி எண்ணிக் காட்டுவதால் அப்படி.

பாகம் என்று சொல்ல முடியாவிட்டாலும் விளக்கெண்ணெயை விட முடியாது. அன்றைய கனிம எண்ணெய்கள் சூட்டில் மெலிந்தபோது, உலோகத்தின்மேல் விடாமல் ஒட்டிக்கொண்டது ஆமணக்கு எண்ணெய்தான். ஓடாமல் விட்டால் பிசினாக இறுகும், ரேஸ் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். ஆனால் எரியும்போது வரும் அந்த இனித்த வாசனையைப் பழைய ரசிகர்கள் இன்றும் விடமாட்டேன் என்கிறார்கள்.

நீள்வட்டப் பிஸ்டன்

விதிப்புத்தகத்தோடு மல்லுக்கட்டியதில் உச்சம் 1979-இல் ஹோண்டா கொண்டுவந்த என்ஆர்500. அதற்குள் 500 சிசி வகுப்பு முழுக்க டூ ஸ்ட்ரோக் கையில். நான்கு சிலிண்டருக்கு மேல் கூடாது என்பது விதி. ஃபோர் ஸ்ட்ரோக்கால் ஜெயிக்க எட்டு வேண்டும் என்பது ஹோண்டாவின் கணக்கு. இரண்டிரண்டு சிலிண்டரை ஒட்டி ஒன்றாக்கினால்? அப்படிப் பிறந்தது நீள்வட்டப் பிஸ்டன். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு கனெக்டிங் ராடு, எட்டு வால்வு, இரண்டு ஸ்பார்க் பிளக். மொத்தம் 32 வால்வு. நீள்வட்ட ரிங் செய்து, அது எல்லாப் பக்கமும் சமமாக அடைக்கும்படி பார்த்துக்கொள்வதே தனி யுத்தம். சில்வர்ஸ்டோனில் முதல் ரேஸ், இரண்டு வண்டிகளில் ஒன்றுகூட முடிவுக் கோட்டைப் பார்க்கவில்லை. உலகப் பட்ட ரேஸ் எதிலும் அது வென்றதில்லை. 1982-இல் ஹோண்டாவே டூ ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது.

ஆனால் அந்த வண்டியில் இன்னொரு பாகம் இருந்தது. பெரிய ஃபோர் ஸ்ட்ரோக்கில் கியரைச் சட்டென்று குறைத்தால் இன்ஜின் பின் சக்கரத்தைப் பூட்டப் பார்க்கும், வளைவு வாசலில் வண்டி துள்ளும். அதைத் தவிர்க்க, தலைகீழ் விசை வந்தால் கொஞ்சம் வழுக்கிவிடும் கிளட்ச் ஒன்றைச் செய்தார்கள். நீள்வட்டப் பிஸ்டன் 1992-இல் விலையுயர்ந்த தெரு பைக் ஒன்றில் தலைகாட்டிவிட்டுப் போனது. அந்தக் கிளட்ச்சோ இன்று நடுத்தர விலை பைக்குகளில்கூட சாதாரணம்.

இப்போது என்ன செய்வது?

இந்த வண்டிகளை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், புதிதாகவே மேங்க்ஸ் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் கொண்டை ஊசி ஸ்பிரிங்குக்குப் பதில் நல்ல சுருள் ஸ்பிரிங், மேக்னட்டோவுக்குப் பதில் எலக்ட்ரானிக் பற்றவைப்பு, செயினுக்குப் பதில் பெல்ட் என்று மாற்றிவிடுவது வழக்கம். வேகமும் கூடும், நம்பகமும் கூடும். தூய்மைவாதிகளுக்கு இது துரோகம்.

என்னைக் கேட்டால் கோட்டை இப்படிப் போடலாம். கண்ணுக்குத் தெரிகிற, அந்தக் காலத்தின் காரணத்தைச் சொல்கிற பாகங்கள் அப்படியே இருக்கட்டும்: திறந்த ஸ்பிரிங், முள் தலை, ரிம் பிரேக், தங்கப் பூச்சு. உள்ளே மறைந்திருக்கும் பிஸ்டன், கனெக்டிங் ராடு, பேரிங் ஆகியவற்றைத் தயங்காமல் புதிதாகப் போடலாம். 60 வயதான ராடு 7,000 சுற்றில் முறிந்தால் அது தனியாகப் போகாது, சுற்றியிருக்கும் மக்னீசியப் பெட்டியையும் உடைத்துக்கொண்டுதான் போகும். ராடை எந்த நல்ல பட்டறையும் புதிதாகக் கடைந்து தரும். அசல் பெட்டியை எங்கே தேடுவது?